எட்டு பிட் வானம்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. ஸ்டுடியோவின் வருகைப் பதிவேட்டில் அது பத்திரமாக இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சாம்பல். நேரில் பார்த்தால் சாம்பல் அக்கா. கோபித்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. சினிமாப் படத்துக்கு நிறம் சரிசெய்கிற அறையில் சுவர் சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும், தரைவிரிப்பும் அப்படியே, உட்கார்ந்திருக்கிறவரின் உடையும் அப்படியே இருந்தால் இன்னும் நல்லது. பளிச்சென்று சிவப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தால் நல்ல முகம்கூடப் பச்சையடித்துப்போய்த் தெரியும். அதனால் பத்தொன்பது வருஷமாக அவள் சாம்பல் உடையிலேயே வேலைக்கு வந்தாள். நாளாக நாளாக வேறு நிறம் வாங்குகிற பழக்கமே விட்டுப்போயிற்று. ஒருமுறை வேலையிலிருந்து நேரே ஒரு கல்யாண வரவேற்புக்குப் போனபோது, பக்கத்து நாற்காலிக்காரி அவள் கையைப் பிடித்து, "மனச தளர விடாதீங்கம்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு கோடு வெளிச்சம்கூட நுழையாதபடி கதவின் விளிம்பில் ரப்பர் ஒட்டியிருந்தது. குளிர்சாதனம் இயந்திரங்களுக்காக ஓடியது; அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் இருந்தது. காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் மாலை ஏழுக்கு வெளியே. நடுவில் ஊரில் மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் யாராவது நனைந்த குடையோடு உள்ளே வர வேண்டும். திரையில் மட்டும் அவள் தினமும் நாலைந்து சூரியனை உதிக்கவைத்து மறையவைத்தாள். நிஜச் சூரியனைப் பார்க்க அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உண்டு, அன்றைக்குப் பாதி நாள் தூங்கிப்போவாள்.

அவளை அந்த அறைக்குள் பூட்டி வைத்தது முதலாளி என்று சொன்னால் பாவம், அவர் மேல் அபாண்டம். பூட்டியது அவளுடைய கைத்திறன்தான்.

கேமரா என்பது ஒளியை எண்ணாக எழுதிவைக்கிற இயந்திரம். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏற எத்தனை படி வைத்து எழுதுகிறது என்பதில்தான் எல்லாச் சங்கதியும் இருக்கிறது. எட்டு பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் இருநூற்று ஐம்பத்தாறு படி. பத்து பிட் என்றால் ஆயிரத்து இருபத்து நாலு. பன்னிரண்டு பிட் என்றால் நாலாயிரத்துச் சொச்சம். முகம், மரம், சந்தைக் கூட்டம் என்று நெளிவுசுளிவோடு இருக்கிற காட்சிக்கு எட்டு பிட்டே போதும் போலத் தோன்றும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வெறும் சுவர், மூடுபனி, சாயங்கால வானம் என்று ஏதாவது வரும்போதுதான் குட்டு உடையும். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் போதும், வழுவழுவென்று இறங்க வேண்டிய வானம் மாடிப்படி மாதிரிப் பட்டை பட்டையாக இறங்கும். கேமரா எழுதாமல் விட்ட படியைப் பிறகு எந்தக் கொம்பனாலும் எழுத முடியாது.

ஆனால் மறைக்கலாம். அந்த வித்தையில் சாம்பலை மிஞ்ச ஆள் இல்லை. பட்டையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத மணலைத் தூவுவது போலப் பொடிப் பொடிப் புள்ளிகளைத் தூவுவாள். எங்கே எவ்வளவு, எந்த அளவுப் புள்ளி என்பதெல்லாம் அவள் விரலுக்கே தெரியும். தூவி முடித்தால் கண் ஏமாந்து, படி இருந்த இடத்தில் சரிவைப் பார்க்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவள் தினம் ஒரு பூசணிக்காயை மறைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இதன் விளைவு என்னவென்றால், ஊரில் ஒருத்தரும் ஒழுங்காகப் படம் எடுக்கவில்லை. "எப்படி வேணா எடுங்க, சாம்பல் அக்கா பாத்துக்குவாங்க" என்பது படப்பிடிப்புத் தளங்களில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அறைக்கதவின் ரப்பர் இன்னும் கொஞ்சம் இறுகிற்று.

இப்படி ஆக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கவில்லை. திரைப்படக் கல்லூரியில் கேமரா வகுப்பில் சேர்ந்த இரண்டு பெண்களில் அவள் ஒருத்தி. இன்னொருத்தி ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு, அதனால் நெட்டை. படிப்பு முடிகிற வருஷம் சாம்பலின் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. பன்னிரண்டு வயதில் ஒரு தம்பி மட்டும் மிச்சம். தம்பிக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டுமானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு காடு மேடு அலைய முடியாது, நேரத்துக்கு வீடு திரும்புகிற வேலை வேண்டும். நெட்டை கேமராவோடு காட்டுக்குப் போனாள், இவள் அறைக்குள் போனாள். இரண்டு வருஷத்துக்கு என்றுதான் போனாள்.

தம்பிக்கு இப்போது முப்பத்தொன்று. கல்யாணமாகி, ஒரு பெண்குழந்தையோடு கீழ்வீட்டில் இருந்தான், அக்கா மாடியில். நல்லவன், சிரித்த முகக்காரன், ஆனால் தொட்டதெல்லாம் பாதியில் நின்றது. செல்போன் கடை ஒரு வருஷம், டிரைவிங் ஸ்கூல் எட்டு மாசம், நடுவில் மீன்தொட்டி விற்றான். ஒவ்வொன்றும் கவிழும்போது மாடிப்படியில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீதான் ஏதாவது பண்ணணும்" என்பான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா? அவள்தான் நெட்டையிடம் சொல்லி, படப்பிடிப்பில் டேட்டா பார்க்கிற வேலையில் அவனைச் சேர்த்துவிட்டாள். கேமராவோடு ரெக்கார்டர் பெட்டியைக் கேபிளில் இணைத்து, எடுத்ததையெல்லாம் டிஸ்கில் ஏற்றி, எண் போட்டு, பத்திரமாக ஸ்டுடியோவுக்கு அனுப்புகிற வேலை. மூன்று நாள் பயிற்சிக்கும் போய்வந்தான். முதன்முதலாக ஒரு வேலை அவன் கையில் நின்றது. டிஸ்க் வரும்போதெல்லாம் மேலே ஒட்டிய டேப்பில் தேதி, எண், அதற்குப் பக்கத்தில் "அக்காவுக்கு" என்று எழுதி ஒரு சிரிக்கிற முகம் போட்டிருப்பான்.

இந்த நிலையில்தான் நெட்டை ஒருநாள் ஃபோன் செய்தாள்.

"அடுத்த படம் மலைல. நாலு மாசம். முழுக்கப் பனி, மேகம், வானம். ஸ்பாட்டுலயே படத்தோட தரத்தப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். வர்றியாடி?"

"நானா?"

"பின்ன உன் நாற்காலியவா கூப்பிடுறேன்? எத்தன வருஷமாச்சு நீ வெயில்ல நின்னு!"

  "வர்றேன்டி" என்றாள் சாம்பல், இரண்டு தடவை. முதலாளியிடம் போய்க் கேட்டபோது அவர் முகம் சுருங்கினாலும், "கையில இருக்கிற படத்த சனிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க, நான் தடுக்கல" என்றார். அடுத்த திங்கள்கிழமை நெட்டையோடு கேமரா வாடகை நிலையத்துக்குப் போய்ச் சோதனை பார்க்க வேண்டும், அதன் பிறகு மலை. அன்று சாயங்காலம் சாம்பல் கடைக்குப் போய் ஒரு மஞ்சள் ஸ்வெட்டர் வாங்கினாள்.

கையில் இருந்த படமும் நெட்டை எடுத்ததுதான்; தம்பி டேட்டா பார்த்த முதல் படம். அதில் கடைசிக் காட்சி ஒன்று. இடிக்கப்போகிற ஒரு பழைய கட்டிடத்தின் மொட்டைமாடியில், கதாநாயகி முடி காற்றில் பறக்க நிற்கிறாள். பின்னால் சாயங்கால வானம் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மெல்ல மாறுகிறது. வெட்டே இல்லாமல் நாலு நிமிஷம். எடுத்த மறுவாரமே கட்டிடத்தை இடித்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தக் காட்சியைத் திறந்து, நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். வானத்தில் படிக்கட்டு விழுந்தது.

முதலில் திரையில்தான் கோளாறு என்று நினைத்தாள். திரையை மாற்றிப் பார்த்தாள். ஃபைலின் விவரத்தைப் பார்த்தாள். பத்து பிட் என்றே எழுதியிருந்தது. பிறகு ஹிஸ்டோகிராமைப் பெரிதாக்கினாள். படத்தில் எந்தப் படியில் எவ்வளவு ஒளி இருக்கிறது என்று காட்டுகிற வரைபடம் அது. ஒழுங்கான பத்து பிட் படமென்றால் இடைவெளியில்லாத குன்று மாதிரி இருக்கும். இங்கே சீப்பு இருந்தது. ஒரு பல், மூன்று காலி, ஒரு பல், மூன்று காலி. பத்து பிட் ஃபைலுக்குள்ளே எட்டு பிட் படம் உட்கார்ந்திருந்தது.

எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கேமராவை முந்தி வாடகைக்கு எடுத்தவர் யாரோ, அதன் மெனுவில் வெளியே அனுப்புகிற படத்தை எட்டு பிட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தம்பி ரெக்கார்டர் பெட்டியை மட்டும் பார்த்திருக்கிறான். பெட்டியின் முகப்பில் பத்து என்று எரிந்திருக்கும். ஒரு செம்புத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினால் குடம் நிறைந்துவிடுமா? குடம் பெரியது என்று அவன் நிம்மதியாக இருந்துவிட்டான். படப்பிடிப்பில் வைத்துப் பார்க்கிற சின்னத் திரையில், நிறம் ஏற்றாத படத்தில், நெட்டைக்கும் தெரிந்திருக்காது.

சாம்பல் ஃபோனை எடுத்தாள். நெட்டையின் எண் வரை போனாள். சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாள்: நெட்டை தயாரிப்பாளரிடம் சொல்லியாக வேண்டும், கட்டிடம் இல்லை, காட்சியைத் திரும்ப எடுக்க வழியில்லை. டேட்டா பார்த்தது யார் என்று கேட்பார்கள். தம்பி மறுபடி வந்து மாடிப்படியில் உட்காருவான். இந்தத் தடவை எழுந்திருப்பானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. ஃபோனைக் கீழே வைத்தாள்.

நாலு நிமிஷத்துக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது ஃபிரேம். பறக்கிற ஒவ்வொரு முடியையும் சுற்றிக் கோடு போட்டு வானத்தைத் தனியே பிரிக்க வேண்டும். பிரித்த வானத்தில் மணல் தூவ வேண்டும். வழக்கமான தூவலுக்கு இந்த வானம் அடங்கவில்லை. சில இடங்களில் வானத்தைப் புதிதாகவே அவள் வரைய வேண்டியிருந்தது. சனிக்கிழமை வந்தது. பாதி வேலைகூட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெட்டை கூப்பிட்டாள். "நாளைக்குக் காலைல டெஸ்ட். எத்தன மணிக்கு வர்ற?"

"வர முடியலடி. வேலை முடியல."

"உன் முதலாளி விட மாட்டேங்குறாரா?"

"ஆமா," என்றாள் சாம்பல். அந்த மனிதர் அப்போது தம் வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருப்பார்.

 "டெஸ்டுக்கு வராத ஆள நான் எப்படிடி கூட்டிட்டுப் போறது? வேற ஆள் பாக்கணும். நீயும் மாறவே மாட்ட," என்றாள் நெட்டை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சாம்பலுக்கு ஒன்பது நாள் பிடித்தது. அடுத்த வியாழக்கிழமை நெட்டை வந்து உட்கார்ந்தபோது, வானம் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு ஒரு தடங்கலும் இல்லாமல் இறங்கியது. நாலு நிமிஷமும் நெட்டை அசையவில்லை. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வானத்துக்காகத்தான்டி நான் இத்தன வருஷம் கேமரா தூக்கியிருக்கேன் போல."

சாம்பலுக்குப் பெருமையாக இருந்தது, பயமாகவும் இருந்தது. 

"உன் தம்பி கில்லாடி," என்று நெட்டை தொடர்ந்தாள். "டேட்டா எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. உன் எடத்துக்கு அவனையே கூட்டிட்டுப் போறேன். அதே கேமரா, அதே பெட்டி, எதையும் மாத்த வேணாம். ஆளில்லாம தள்ளிப்போட்ட டெஸ்டும் வேணாம், ஓடின செட்டப்தானே."

சொல்ல வேண்டுமானால் அதுதான் சமயம். வாயைத் திறந்தாள். திறந்த வாயிலிருந்து, "டீ சொல்லவா?" என்றுதான் வந்தது.

வீட்டுக்குப் போனால் கீழ்வீட்டில் ஒரே சிரிப்பு. தம்பி குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். தம்பி பெண்டாட்டி, "அக்கா, மொத தடவையா இவர யாரோ தேடி வந்து கூப்பிட்டிருக்காங்க" என்று கண்கலங்கினாள். அந்த இடம் யாருக்கு வைத்த இடம் என்று அவர்களுக்குத் தெரியாது. சாம்பல் தம்பியைத் தனியே கூப்பிட்டு, "கேமரா மெனுவுல அவுட்புட் எத்தன பிட்டுன்னு ஒரு தடவ பாத்துக்கோடா" என்றாள்.

"அக்கா! பெட்டில பத்துன்னு போட்டிருக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். மேடமே சொல்லிட்டாங்க, வானம் அற்புதம்னு. நீ இன்னும் என்னைப் பன்னெண்டு வயசுப் பையனாவே நெனச்சுட்டு இருக்க."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்கு மேல் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவன் மலைக்குப் போக ஒரு பை கேட்டான், கொடுத்தாள். குளிருமே என்று மஞ்சள் ஸ்வெட்டரையும் கொடுத்தாள். அவனுக்குச் சற்றே இறுக்கமாக இருந்தது.

அவர்கள் போய்ப் பத்து நாள் கழித்து முதல் டிஸ்க் வந்தது. ஆறு நாள் படப்பிடிப்பு அதில் இருந்தது. "அக்காவுக்கு", பக்கத்தில் சிரிக்கிற முகம். சாம்பல் திறந்தாள். விடியற்காலைப் பள்ளத்தாக்கு, அடியிலிருந்து எழும்பி வருகிற மூடுபனி. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு பனியைப் பார்த்ததில்லை. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். பனி பட்டை பட்டையாகப் பிளந்து, யாரோ சுண்ணாம்பில் கோடு இழுத்த மாதிரி நின்றது. ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பார்த்தாள். சீப்பு.

அவளுக்குத் தம்பி மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தப்பு செய்தவனுக்குத் தப்பு நடந்ததே தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் அவள். அவன் தடுக்கி விழுந்த இடத்தில் ராவோடு ராவாக மெத்தையைப் போட்டு, அங்கே கல் இருப்பதையே அவனிடமிருந்து ஒளித்துவிட்டாள். நெட்டை அதே கேமராவையும் அதே பெட்டியையும் நம்பிப் போனதும் அவளால்தான். மலையில் அத்தனை பேரும் அவள் பொய்யின் மேல் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி எட்டிப்பார்த்தார். திரையைப் பார்த்துவிட்டு, பழகிய கண் அல்லவா, "படி தெரியுதே" என்றார். பிறகு கவலையில்லாமல், "நீங்க பாத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவளால் பார்த்துக்கொள்ளவும் முடியும். அதை நினைத்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது. நாலு நிமிஷ வானத்துக்கு ஒன்பது நாள். நாலு மாசப் பனிக்கு? எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் கை, பாழும் கை, தானாக நகர்ந்து மணல் தூவுகிற திருகின் மேல் போய் நின்றது. இந்தக் கை இப்படித்தான் பத்தொன்பது வருஷம் தன்னை இந்த நாற்காலியில் கட்டிப்போட்டது என்று அவள் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தாள். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.  இன்னொரு கையால் ஃபோனை எடுத்தாள்.

நெட்டை உற்சாகமாக வந்தாள். "பாத்தியா? பனி பாத்தியா? எப்படி இருக்கு?"

"தம்பி பக்கத்துல இருக்கானா?"

"இங்கதான் பெட்டியத் தொடச்சுட்டு இருக்கான். ஏன்?"

"ஸ்பீக்கர்ல போடு."

மலைக்காற்று ஃபோனில் உர்ரென்று கேட்டது. சாம்பல் எழுதி வைத்துப் படிப்பவள் போல ஒரே மூச்சில் சொன்னாள். "கேமராலருந்து எட்டு பிட்தான் வெளிய வருது. பெட்டி அத வாங்கிப் பத்துன்னு பேர் போட்டு வச்சுக்குது. ஆறு நாள் எடுத்த பனி எதுவும் தேறாது. போன படத்துலயும் இதே தப்புதான். நான் மறைச்சுட்டேன்."



"போன படத்துலன்னா?" என்றாள் நெட்டை. "மொட்டமாடி சீன்லயா?"

"ஆமா."

"அப்ப அந்த வானம்?"

"பாதிக்கு மேல நான் வரைஞ்சது."

  அந்த நாலு நிமிஷத்தை நெட்டை எத்தனை பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருப்பாளோ.

"ஏன்கா எங்கிட்ட சொல்லல?" இது தம்பி. குரல் தூரத்திலிருந்து வந்தது.

"நீ தாங்க மாட்டன்னு நெனச்சேன்டா."

"நீயே முடிவு பண்ணிட்டியா?"

 அம்மா போன நாளிலிருந்து எல்லாவற்றையும் அவளேதான் முடிவு செய்தாள், அதை இதுவரை யாரும் குற்றமாகச் சொன்னதில்லை.

"எல்லார் முன்னாடியும் நிக்கிறேன்கா இங்க," என்றான் தம்பி. அழுகிறானோ என்று அவள் பயந்தாள். அழவில்லை. "மெனுல எங்க மாத்தணும்?" என்று கேட்டான்.

"அவுட்புட்னு இருக்கும். அதுல மூணாவது வரி."

பித்தான் அமுக்குகிற சத்தம் கேட்டது. "எட்டுன்னு இருக்கு."

"அத மாத்து."

"மாத்திட்டேன்." ஃபோன் அத்துடன் துண்டிக்கப்பட்டது. யார் துண்டித்தார்கள் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசம். தம்பி அவளுக்கு ஃபோன் செய்யவில்லை. கீழ்வீட்டில் அவன் பெண்டாட்டி அவனோடு ஃபோனில் பேசுவது மட்டும் மாடிக்குக் கேட்கும். தம்பி பெண்டாட்டி மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி, "நம்ம ஸ்டுடியோவுல மறைச்சோம்னு வெளிய தெரிஞ்சா யார் வருவாங்க?" என்று நாலு நாள் முகம் கொடுக்கவில்லை. சாம்பல் ஒன்பதுக்கு உள்ளே போய் ஏழுக்கு வெளியே வந்தாள். உண்மையைச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்று எவனோ சொல்லிவைத்திருக்கிறான். அவன் அக்காவாகப் பிறந்தவனாக இருக்க மாட்டான்.

எட்டாம் நாள் நெட்டையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அந்த மொட்டமாடி சீன நீ கை வைக்காம அனுப்பு. நான் எடுத்தது எப்படி இருந்துச்சுன்னு பாக்கணும்." சாம்பல் படிக்கட்டு வானத்தை அப்படியே அனுப்பினாள். பதில் மறுநாள் வந்தது, "பாத்தேன்" என்று ஒற்றைச் சொல்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் இரண்டாவது டிஸ்க் வந்தது. டேப்பில் தம்பியின் கையெழுத்து. தேதி, எண், அதற்குக் கீழே "அவுட்புட் 10, மெனுவில் பார்த்தேன்" என்று இருந்தது. அக்காவுக்கு என்று இல்லை. சிரிக்கிற முகமும் இல்லை. அந்த வெற்றிடத்தை அவள் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

திறந்தாள். அதே பள்ளத்தாக்கு, அன்றைக்கு வந்த பனி திரும்ப வரவில்லை, வேறு பனி, கொஞ்சம் மெலிந்தது. நிறத்தை ஏற்றினாள். பனி அசையவில்லை. இன்னும் ஏற்றினாள், முரட்டுத்தனமாக, யாரும் எந்தப் படத்துக்கும் ஏற்றாத அளவுக்கு. வெள்ளையிலிருந்து நீலத்துக்கு, நீலத்திலிருந்து கறுப்புக்கு அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஹிஸ்டோகிராமில் சீப்பு இல்லை, இடைவெளியில்லாத குன்று இருந்தது. ஒரு மணி நேரப் படம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தாள். மறைப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்கு வலித்தது. தம்பிக்கு இப்போது அவள் தேவைப்படவில்லை, முதல்முறையாக. இத்தனை வருஷம் எதற்காகக் காத்திருந்தாளோ அது இதுதான், வந்தபோது இப்படி வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அழுதாள். அழுது முடித்து, இயந்திரத்தை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணி மூன்று.

வாசலில் முதலாளி கேட்டார். "எங்க கிளம்பிட்டீங்க? மலை டிஸ்க் வந்துச்சே?"

"வந்துச்சு. நல்லா இருக்கு."

"அப்ப வேலை?"

"எனக்கு இல்ல சார்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் படியிறங்கிவிட்டாள்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு குட்டைச் சுவர் இருந்தது, வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள். கண் கூசியது. பழக்கதோஷம், முதலில் வானத்தில் கோடு இருக்கிறதா என்றுதான் அண்ணாந்து தேடினாள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. காவல்காரர் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அந்த நேரத்தில் அவளை வெளியே அவர் பார்த்ததே இல்லை.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா?"

"இல்ல. மேல பாருங்க."

அவரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுமில்லையேக்கா. வெறும் வானம்தான்."

"ஆமா," என்றாள் சாம்பல். அன்றைக்கு அவள் திரும்பி உள்ளே போகவில்லை.